பழுப்புப் பாம்பின் முட்டையில் வெள்ளைக் குட்டி: பால் பைத்தான் வளர்ப்பில் எதிர்பாராத நிறங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் பைத்தான் (ball python, ‘பந்து மலைப்பாம்பு’) என்பது கானா, டோகோ, பெனின் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெயர் அதனால் வந்தது. அமெரிக்காவில் 1990கள் முதல் இதன் நிற வகைகளுக்காகவே ஒரு தனி வளர்ப்புத் தொழில் நடக்கிறது. நிற வகையை மார்ஃப் என்பார்கள். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கணத்தைப் பற்றியவை: முட்டை கீறித் தலை நீட்டும் குட்டி, கணக்குப் போட்டு வைத்த நிறத்தில் இல்லை.

இரண்டு சாதாரணப் பழுப்புப் பாம்புகளுக்கு அல்பினோ பிறந்திருக்கிறது. புதிய மாற்றமா?

அநேகமாக இல்லை. அல்பினோ, அதாவது கருநிறமி இல்லாத வெள்ளை-மஞ்சள் நிறம், ஒரு ஒடுங்கு பண்பு. ஜீனின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் பழுதான பாம்பு பார்வைக்கு அசல் பழுப்பு. அதைத்தான் ‘ஹெட்’ என்கிறார்கள். தாயும் தகப்பனும் ஹெட் என்றால் ஒவ்வொரு முட்டைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு.

ஒற்றைப் பிரதி பல தலைமுறை ஓசையில்லாமல் இறங்கிவரும். ஹெட் ஜோடியின் ஈட்டில் (ஒரு தடவை இடும் முட்டைத் தொகுதியில்) பிறந்த பழுப்புக் குட்டிகளைச் சிலர் எந்தக் குறிப்பும் எழுதாமல் ‘நார்மல்’ என்று மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வாங்கியவர் வீட்டில் அப்படிப்பட்ட இரண்டு சந்தித்துக்கொண்டால் ஒருநாள் முட்டைக்குள் மஞ்சளும் வெள்ளையும் தெரியும். ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு யாரோ எழுதாமல் விட்ட குறிப்புதான்.

இந்த ஒரு குட்டி தாய், தகப்பன் இரண்டுமே ஹெட் என்பதற்கு நேரடிச் சான்று. கூடப் பிறந்த பழுப்புக் குட்டிகள் ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. விற்பனையில் ‘66 சதவீத ஹெட்’ என்று பார்ப்பது இதுதான்: அந்தக் குட்டி முழு ஹெட்டாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். பாதி ஹெட் என்று எதுவும் கிடையாது.

எத்தனை முட்டைக்கு எத்தனை எதிர்பார்க்கலாம்?

ஒரு ஈட்டுக்குச் சராசரி 6 முட்டை என்று வையுங்கள். ஹெட்டும் ஹெட்டும் சேர்ந்தால் ஒரு நிறக்குட்டியாவது வர 82 சதவீதம் வாய்ப்பு. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஓர் ஈடு முழுக்கப் பழுப்பாகவே பொரியும், அதில் யார் தவறும் இல்லை. ஹெட்டை நிறப்பாம்போடு சேர்த்தால் முட்டைக்குப் பாதிக்குப் பாதி. ஆறில் ஒன்றாவது வர 98 சதவீதம். இரண்டு ஒடுங்கு பண்புகளுக்கு ஹெட்டான ஜோடி என்றால் இரண்டு நிறமும் சேர்ந்த குட்டி பதினாறில் ஒன்று; ஆறு முட்டையில் அது கிடைக்க 32 சதவீதம்தான். அது முதல் ஈட்டிலேயே கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

போன வருடம் வரவில்லை, அதனால் இந்த வருடம் கட்டாயம் வரும் என்ற கணக்கு செல்லாது. முட்டைக்கு ஞாபகம் கிடையாது.

மொஜாவேயையும் லெஸ்ஸரையும் சேர்த்தால் நீலக்கண் வெள்ளைப் பாம்பு எங்கிருந்து வருகிறது?

இரண்டும் மார்ஃப் பெயர்கள், ஒரே ஜீனின் வேறு வேறு வடிவங்கள். ஒற்றைப் பிரதியாக இருக்கையில் பழுப்பை வெளிறச் செய்யும், பக்கவாட்டுக் கோலத்தைக் கொஞ்சம் மாற்றும். ஆளுக்கொன்றாக இரண்டு பிரதியும் ஒரே குட்டியில் சேர்ந்தால் கோலமே அழிந்து, வெள்ளை உடலும் நீலக் கண்ணும் வரும். வாய்ப்பு நான்கில் ஒன்று. மொஜாவேயோடு மொஜாவே சேர்ந்தாலும் வெள்ளைதான், ஆனால் தலையில் சாம்பல் பூசியது போல ஒரு மங்கல் நிற்கும். லெஸ்ஸரோடு லெஸ்ஸர் சேர்ந்தால் சுத்த வெள்ளை கிடைக்கும். சில குட்டிகளுக்குக் கண் பிதுங்கியிருக்கும். அதனால்தான் பலர் மொஜாவேக்கு லெஸ்ஸரைத் தேடுகிறார்கள்.

தகப்பன் அபூர்வ நிறம். ஆனால் ஒரு குட்டிகூட அதைப் போல இல்லையே?

இந்தத் தொழிலின் பிரபலமான புதிர் இதே ஜீனில்தான் நடந்தது. அமெரிக்க வளர்ப்பாளர் ரால்ஃப் டேவிஸிடம் பிளாட்டினம் என்று பெயர் பெற்ற ஆண் பாம்பு ஒன்று இருந்தது. சாதாரணப் பெண்களோடு சேர்த்தபோது குட்டிகளில் ஏறக்குறைய பாதி தகப்பனைவிட மங்கலான நிறம். அதற்குத்தான் லெஸ்ஸர் என்று பெயர் வந்தது. மீதி பார்வைக்கு நார்மல். பிளாட்டினம் ஒன்றுகூட இல்லை.

விடை எளிது, ஆனால் கிடைக்க ஒரு தலைமுறை ஆனது. அந்த ஆணிடம் ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு அல்லீல்கள் (ஜீன் வடிவங்கள்): ஒன்று லெஸ்ஸர், மற்றது கண்ணுக்குத் தெரியாத ‘டாடி’. ஒரு குட்டிக்குத் தகப்பனிடமிருந்து ஒன்றுதான் போகும். லெஸ்ஸர் போனால் லெஸ்ஸர், டாடி போனால் நார்மல் தோற்றம். லெஸ்ஸர் குட்டியை அந்த ‘நார்மல்’ உடன்பிறப்போடு சேர்த்தபோது பிளாட்டினம் திரும்பி வந்தது. நார்மல் என்று ஒதுக்கி அந்தப் பாதியை விற்றிருந்தால் விடையும் அதோடு போயிருக்கும். புரியாத ஈட்டிலிருந்து நிறமில்லாத குட்டிகளில் குறைந்தது ஒரு பெண்ணையாவது நிறுத்தி வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

அல்பினோவையும் லாவெண்டர் அல்பினோவையும் சேர்த்தேன், எல்லாம் பழுப்பு. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. பெயரில் இரண்டும் அல்பினோ, ஜீன் வேறு. 2022இல் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ப்பாளர்கள் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். அல்பினோவில் பழுதானது டைரோசினேஸ் ஜீன். லாவெண்டரில் ஓசிஏ2 என்ற வேறொரு ஜீன். ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு ஜீனிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுவதால் கருநிறமி வழக்கம்போல உருவாகிறது. உங்கள் கையில் இருப்பவை அத்தனையும் இரட்டை ஹெட். விலை பேசும்போது இதை மறக்க வேண்டாம்.

அல்பினோவுக்கு கேண்டி என்ற மார்ஃபைச் சேர்த்தால் நிலைமை வேறு. அவை ஒரே ஜீனின் வடிவங்கள் என்பதால் குட்டிகள் எல்லாமே வெளிர்நிறமாக வரும். இந்த நடுநிற வகைக்கு கேண்டினோ என்று பெயர்.

பனானா ஆணிடமிருந்து வரும் பனானா குட்டிகள் எல்லாம் ஆணாகவே இருக்கின்றனவே?

கோழியைப் போலப் பாம்புகளிலும் பெண்தான் குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது என்று வெகுகாலம் பாடம் இருந்தது. பனானா என்ற மார்ஃபை வளர்த்தவர்களின் குறிப்பேடு அதற்கு ஒத்துப்போகவில்லை. மலைப்பாம்புகளிலும் போவாக்களிலும் மனிதரைப் போல எக்ஸ்-ஒய் முறைதான் என்று 2017இல் ஆய்வு வெளியானது. பனானா ஜீன் அந்தப் பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உங்கள் ஆணுக்கு பனானா எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். அதன் தகப்பனிடமிருந்து வந்திருந்தால் ஜீன் ஒய்யில் இருக்கிறது. பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆண். தாயிடமிருந்து வந்திருந்தால் எக்ஸில் இருக்கிறது. பனானா குட்டிகள் பெரும்பாலும் பெண். முன்னதை ஆண்-மேக்கர், பின்னதைப் பெண்-மேக்கர் என்பார்கள். பனானா பெண்ணுக்கு இந்தச் சாய்வு கிடையாது. எப்போதாவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் ஆண்-மேக்கருக்கு ஒரு பனானா மகள் பிறக்கும். அது உண்மையான அதிர்ஷ்டம்.

அதைக் கொண்டாடும் முன் பாலை இன்னொரு முறை சோதியுங்கள். வால் அடியிலுள்ள துளையில் விட்டுப் பால் பார்க்கும் புரோப் குச்சி, ஆணில் சுமார் 8 முதல் 10 செதில் ஆழம் இறங்கும், பெண்ணில் 2 முதல் 4. பழகாத கை குத்திக் காயப்படுத்திவிடும். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். இந்த வகை ‘அதிசயங்களில்’ நிறைய, பாலைத் தவறாகப் பார்த்ததில் முடிந்திருக்கின்றன.

ஆணே சேர்க்காத பெண் முட்டையிட்டு, அது கருவோடும் இருக்கிறது. சாத்தியமா?

சாத்தியம், இரண்டு வழியில். முதலாவது, போன பருவத்தின் விந்து உடலில் தங்கியிருப்பது. இரண்டாவது, ஆணின் பங்கே இல்லாத கன்னி இனப்பெருக்கம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒரு பெண் பால் பைத்தான், சுமார் 20 வருடமாக ஆண் அருகில் வராத நிலையில், 2020 ஜூலையில் 7 முட்டை இட்டது. வயது 62ஐத் தாண்டியிருக்கும் என்று காட்சிசாலை சொன்னது.

எது என்று பிரிக்க நிறமே உதவும். ஒற்றைப் பிரதியிலேயே தெரியும் ஒரு பண்பு, தாயிடம் இல்லாமல், குட்டியில் தெரிந்தால் அது தங்கிய விந்து. பழைய ஆண் யார் என்று குறிப்பேட்டைப் புரட்டுங்கள். குட்டிகள் எல்லாம் பெண், கூமுட்டை அதிகம், தாயிடம் இல்லாதது எதுவும் இல்லை என்றால் கன்னிப் பிறப்பைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய டிஎன்ஏ ஒப்பீடுதான் வழி. இப்படிப் பிறந்தவற்றில் ஜீனின் இரு பிரதிகளும் பல இடங்களில் தாயின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும். அதனால் ஹெட் என்றே தெரியாத தாய், தனியாக ஒரு அல்பினோ மகளைத் தர முடியும். பலவீனமான குட்டிகளும் அதே காரணத்தால் அதிகம்.

ஒரே பருவத்தில் இரண்டு ஆண்களை மாற்றி மாற்றி விட்டால் ஒரே ஈட்டில் இரண்டு தகப்பன்களும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்பினோ உடம்பில் கருப்புத் திட்டு. விலை ஏற்றலாமா?

இதைப் பாரடாக்ஸ் என்பார்கள். கருவின் ஆரம்பக் கட்டத்தில் செல்களில் ஏதோ பிசகி, ஒரே உடம்பில் இருவகைச் செல் தங்கிவிடுவதால் வருவது என்று கருதப்படுகிறது. அழகுப் பாம்பாக விற்கலாம். ஆனால் இனப்பெருக்க மதிப்பு சாதாரண அல்பினோவுக்கு உள்ளதுதான். திட்டு பொதுவாகக் குட்டிக்குப் போவதில்லை. பாரடாக்ஸுக்கு ‘ஜீன் விலை’ கேட்பவரிடம் வாங்காதீர்கள்.

வெப்பம் மாறினால் கோலம் மாறுமா?

மாறும். முதுகுக் கோடு உடைந்தோ, திட்டுகள் இணைந்தோ வினோதமாக வரும் குட்டிகளில் கணிசமானவை அடைப்பெட்டியின் வேலை. ஈட்டில் எல்லாக் குட்டிக்கும் ஒரே மாதிரி விலகல் இருந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

சரியான அடை இப்படி: வெப்பம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ். சென்சார் பெட்டியின் சுவரில் அல்ல, முட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். இன்னொரு தனித் தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிடுங்கள். முட்டைக்கு அடியில் பரப்பும் கனிமத் துகளான வெர்மிகுலைட் 500 கிராமுக்கு 500 மில்லி தண்ணீர். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. முட்டைகளை இட்ட நிலையிலேயே, மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள். உருட்டினால் கரு மூழ்கிச் சாகும். ஒட்டிக் காய்ந்துவிட்ட முட்டைகளைப் பிரிக்காதீர்கள், கொத்தாகவே இருக்கட்டும். இருட்டில் டார்ச் அடித்தால் சிவப்பு நரம்பு தெரிவது நல்ல முட்டை. மஞ்சளாக வெறுமையாகத் தெரிவது கூமுட்டை. 55 முதல் 60 நாளில் பொரியும். கடைசி இரண்டு வாரத்தில் ஓடு குழிவது வழக்கம், அதற்காகத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

34 டிகிரியைத் தொட்டால் கோலம் மட்டுமல்ல, முதுகெலும்பும் வளையும். நிறத்தைப் பார்க்கும் ஆவலில் 50ஆம் நாளே முட்டையைக் கத்தரிப்பவர்கள் உண்டு. மஞ்சள் கரு இன்னும் உள்ளிழுக்கப்படாத குட்டி பதறி வெளியே வந்தால் பிழைப்பது கடினம். ஈட்டில் ஒன்று தானாகக் கீறட்டும், அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஒரே முட்டையில் இரட்டையர்?

வரும், அபூர்வமாக. சாதாரணக் குட்டி 50 முதல் 80 கிராம். இரட்டையர் அதில் பாதிதான். ஒரே கருவிலிருந்து பிரிந்தவை என்றால் பால் ஒன்றாகவே இருக்கும், நிறமும் ஒன்றுதான், கோலம் மட்டும் கொஞ்சம் மாறும். ஒன்று வெளியேறிய பிறகு ஓட்டை உடனே தூக்கி எறியாதீர்கள். இரைக்கு எலிக்குஞ்சிலும் சிறியதைத் தேட வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே புதியது என்று நினைக்கிறேன். எப்படி நிரூபிப்பது?

பொறுமை வேண்டும், கூண்டும் வேண்டும். முதலில் முதல் சட்டை உரியும் வரை எந்தப் பெயரும் வைக்காதீர்கள். முட்டை ஈரத்தில் எல்லாக் குட்டியும் அபூர்வமாகத்தான் தெரியும்; 7 முதல் 10 நாளில் சட்டை உரிந்ததும் பாதி அதிசயம் கரைந்துவிடும். அன்று பகல் வெளிச்சத்தில் மேல், பக்கம், வயிறு, தலை என நான்கு படம் எடுங்கள்.

அடுத்து, தாய் தகப்பனை விற்றுவிடாமல் அதே ஜோடியை மறுபடி சேருங்கள். அதே தோற்றம் மீண்டும் வந்தால் பாதி வழி வந்தாயிற்று. கூடவே அந்தக் குட்டியை உறவில்லாத சாதாரணப் பாம்போடு சேர்க்க வேண்டும். ஆணாக இருந்தால் நல்லது: ஆண் சுமார் 600, 700 கிராமில் தயாராகிவிடும், ஒன்றரை வருடம் போதும், ஒரே பருவத்தில் பல பெண்களிடம் விடலாம். பெண் 1500 கிராமைத் தாண்ட மூன்று வருடம் ஆகும், எல்லா வருடமும் முட்டையிடவும் செய்யாது.

குட்டிகளில் பாதி அதே தோற்றம் என்றால் ஒற்றைப் பிரதியிலேயே தெரியும் ஜீன். 12 குட்டியில் ஒன்றுகூட இல்லை என்றால் அந்தச் சாத்தியம் போய்விட்டது. தற்செயலாக அப்படி நேர்வது 4096இல் ஒன்று. இனி அது ஒடுங்கு பண்பாக இருக்கலாம், அல்லது ஜீனே இல்லாமல் இருக்கலாம். மகள்களை நிறுத்தி வளர்த்து, தகப்பனோடு திருப்பிச் சேர்த்தால் ஒடுங்கு பண்பு முட்டைக்குப் பாதி வாய்ப்பில் வெளிவரும். ஆக மொத்தம் ஐந்து வருடம். அமெரிக்க வளர்ப்பாளர்கள் பாப் கிளார்க் 1992இல் முதல் அல்பினோ குட்டிகளையும், பீட்டர் கால் 1997இல் பெரிய வெள்ளைத் திட்டுகள் கொண்ட பைபால்டையும் பொரிக்க வைத்தது இந்த நீண்ட வழியில்தான். அப்போது கூண்டில் நிறுத்திய ஹெட்களை நம்பிக் காத்திருந்தார்கள், சோதனைக்கூடம் எதுவும் இல்லை.

இன்று சில வகைகளுக்குச் சட்டையை அனுப்பி ஹெட் சோதனை செய்யலாம். சட்டை உலர்ந்திருக்க வேண்டும், ஒரு பாம்புக்கு ஒரு உறை, பெயர் எழுதியிருக்க வேண்டும். அல்பினோவுக்கு ‘இல்லை’ என்று முடிவு வந்தால் அல்பினோ இல்லை என்றுதான் அர்த்தம், பைபால்ட் இருக்கலாம்.

எந்த அதிசயங்களைத் தொடரக் கூடாது?

ஸ்பைடர் மார்ஃப் முதலில். 1999இல் அறிமுகமான அழகான மெல்லிய கோலம். ஆனால் எல்லா ஸ்பைடருக்கும் ஏதோ அளவில் தலை ஆட்டம் உண்டு. உட்காது உருக்குலைந்திருப்பதை 2022இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. நிறமும் நோயும் ஒரே ஜீன் என்பதால் ‘நல்ல வம்சம்’ தேடிப் பயனில்லை. இரண்டு ஸ்பைடர்களைச் சேர்த்தால் இரட்டைப் பிரதிக் குட்டி பிழைப்பதில்லை, ஷாம்பெய்னிலும் அப்படித்தான். கேரமல் அல்பினோவில் முதுகு வளைவு அடிக்கடி வரும். சூப்பர் சின்னமனில் (சின்னமன் ஜீனின் இரண்டு பிரதியும் உள்ளதில்) வாத்து மூக்கு. டெசர்ட் பெண்கள் முட்டையிட முடியாமல் அடைத்துக்கொண்டு சாகும் அளவுக்குப் போகின்றன. ஆணை மட்டும் வைத்துத் தொடர்ந்தவர்களும் கடைசியில் மகள்களை யாருக்கு விற்பது என்று நின்றார்கள்.

குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஆண் விட்ட தேதி, எடுத்த தேதி, பின்னிக் கிடந்ததைப் பார்த்த தேதி, எந்த ஆண். பெண்ணின் எடை. முட்டைக்கு முந்தைய சட்டை உரித்த நாள். அதிலிருந்து சுமார் 30 நாளில் முட்டை. முட்டைகளுக்கு எண், குட்டிக்கும் அதே எண். அடைப்பெட்டியில் மின்சாரம் போன நாளையும் எழுதுங்கள். கோலம் மாறிய குட்டி வந்தால் அந்த ஒரு வரிதான் விடையாக இருக்கும்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம்; இந்திய மலைப்பாம்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பால் பைத்தான், வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருவதால், 2022 திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு வைத்திருப்பதையும் குட்டி பொரிப்பதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் துணிப்பையில் சுற்றி வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் குட்டிகளுக்கு அப்படி எந்தத் தாளும் கிடையாது. அவற்றின் ஹெட் விவரமும் வாய்வார்த்தைதான்.

விற்கும்போது எதிர்பாராத குட்டியை என்னவென்று எழுதுவது?

பார்ப்பதை மட்டும். ‘மொஜாவே, கோலம் வழக்கத்துக்கு மாறானது, காரணம் நிரூபிக்கப்படவில்லை, தாய் தகப்பன் இன்னின்னது.’ புதுப்பெயர் சூட்டி விற்றால், இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் பன்னிரண்டு பழுப்புக் குட்டிகளின் படத்தோடு திரும்பி வருவார்.